காத்திருக்கும் நேரம் யார் கணக்கில்?

(கனரக ட்ரெய்லர்களில் வேலை செய்யும் டிரைவர்கள், கிளீனர்கள், பாரம் ஏற்றும் தொழிலாளர்கள் தாம்பரத்தில் கூடிய வகுப்பில் நிகழ்த்திய பேச்சு)



நடுநிசிக்கு மேல் ஜி.எஸ்.டி. ரோட்டில் வரும் உங்கள் வண்டியைப் பெருங்களத்தூரில் பஸ்ஸுக்கு நிற்கும் ஜனங்கள் வாய் பிளந்து பார்க்கிறார்கள். சக்கரத்தை எண்ணுகிறார்கள், எண்ணி முடிப்பதற்குள் மறந்து போகிறார்கள். யந்திரத்தைச் செய்த ஜெர்மன் கம்பெனியின் பெயரோ சீனக் கம்பெனியின் பெயரோ அதன் நெற்றியில் முழ நீள எழுத்தில் இருக்கிறது. அதை வாங்கிய கான்ட்ராக்ட் கம்பெனியின் பெயரும் இருக்கிறது. கப்பலில் இருந்து இறக்கி, கட்டி, தூக்கி, கம்பிக்கும் பாலத்துக்கும் தப்பித்து இங்கே கொண்டு வந்து சேர்த்தவர்களின் பெயரைத்தான் எங்கும் காணோம். அவர்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

வண்டி ஓட்டும் வித்தையை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அது உங்கள் கையில் இருக்கிறது. அந்த வித்தையைச் சுற்றிச் சர்க்காரும் கம்பெனியும் போட்டிருக்கும் காகித வேலியைத்தான் நாம் சேர்ந்து பார்க்க வேண்டும்.

முதலில், "பெரும் பாரம்" என்றால் என்ன? மோட்டார் வாகன விதிகளின்படி ஒரு சரக்கு வண்டியின் அகலம் 2.6 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. உயரம் 4 மீட்டர். கன்டெய்னர் ஏற்றியிருந்தால் 4.52 மீட்டர். 2018-ல் எடை வரம்பை உயர்த்திய பிறகும் இழுவை வண்டியும் ட்ரெய்லரும் பாரமும் சேர்ந்து 55 டன்தான் உச்சம். இதைத் தாண்டியதெல்லாம் அளவு மீறிய பாரம். இப்போது நம்ம ஊர் மண் வேலையில் தினமும் பார்க்கும் 20 டன் பொக்லைனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சங்கிலிப் பட்டையின் வெளி அகலமே சுமார் 2.8 மீட்டர். ஆக, தெருவில் மழைநீர் வடிகால் வெட்ட வருகிற சாதாரண யந்திரமே சட்டப்படி அளவு மீறியதுதான்! அதை ஏற்றிக்கொண்டு வேலை நடக்கும் இடத்துக்குப் போகும் டிரைவர் புறப்படும்போதே குற்றவாளியாகப் புறப்படுகிறான். கையில் அனுமதித் தாள் இருந்தால் குற்றம் இல்லை. இல்லாவிட்டால் 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவின்படி, பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருப்பதற்கே 20,000 ரூபாய் அபராதம். எடை கூடினால் 20,000-த்துக்கு மேல் டன்னுக்கு 2,000 வீதம் தனி. அனுமதி வாங்க வேண்டியவர் முதலாளி. ஆனால் இரவில் டார்ச் விளக்கை முகத்தில் அடித்து வண்டியை நிறுத்தும்போது அங்கே நிற்பவர் யார் என்று நான் சொல்லவா வேண்டும்?

இனிப் பெரிய யந்திரங்களுக்கு வருவோம். சென்னை மெட்ரோவுக்குச் சுரங்கம் தோண்டும் யந்திரத்தின் வெட்டு முகம் சுமார் 6.6 மீட்டர் விட்டம். ரோட்டில் ஒரு தடத்தின் அகலம் 3.5 மீட்டர். அதைப் படுக்கப் போட்டால் இரண்டு தடத்தையும் அடைத்துக்கொள்ளும். நிமிர்த்தி வைத்தால் ட்ரெய்லர் உயரமும் சேர்ந்து ஏழரை மீட்டரைத் தாண்டும். நெடுஞ்சாலைப் பாலங்களின் அடியில் விட்டிருக்கும் இடைவெளியோ ஐந்தரை மீட்டர். எனவே படுக்கப் போட்டுத்தான் கொண்டுபோக வேண்டும். அல்லது துண்டு துண்டாகப் பிரித்துக் கொண்டுபோய் வேலையிடத்தில் கோக்க வேண்டும். 1957-ல் நெய்வேலியில் சுரங்க வேலை தொடங்கிய பிறகு மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்த வாளிச் சக்கர யந்திரங்களும் அப்படித்தான். அவற்றை உறுப்பு உறுப்பாகக் கொண்டு வந்து, அங்கேயே பொருத்தி எழுப்பினார்கள். சங்கிலிப் பட்டைக் கிரேன் ஒன்றை இடம் மாற்றுவதும் இதே கதைதான். எதிர் எடைகள் ஒரு லாரி, பட்டைகள் ஒரு லாரி, கைத்துண்டுகள் நாலைந்து லாரி, உடல் மட்டும் தாழ்வான ட்ரெய்லரில் தனியாக. ஜனங்கள் பார்ப்பது ஒரு கிரேனை. அதற்குப் பின்னால் வருவது ஒரு ஊர்வலம்.

"ரயில் பக்கத்திலேயே ஓடுகிறதே, அதில் ஏற்றினால் என்ன?" என்று ஒரு தோழர் கேட்டார். நல்ல கேள்வி. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 1931-லேயே மின்சார ரயில் ஓடிய பாதை அது. ஆனால் நம் நாட்டு அகல ரயில் வண்டியின் அகலத்துக்கும் வரம்பு உண்டு, ஏறக்குறைய மூன்றேகால் மீட்டர். பக்கத்தில் பிளாட்பாரம், மேலே மின்கம்பி. ஆகவே ரயில் தள்ளிவிட்ட பாரம்தான் ரோட்டுக்கு வருகிறது. ரயிலுக்கு ஆகாத பாரத்தை ரோடு தாங்கும் என்று யாரோ தீர்மானித்துவிட்டார்கள்!

துறைமுகத்து வாசல்

சென்னைத் துறைமுகத்திலிருந்து பெருங்களத்தூருக்கு நேர் வழியில் வந்தால் சுமார் முப்பது கிலோமீட்டர். அந்த வழியில் பெரிய வண்டிக்கு இடமில்லை. பகலில் நகரத்துக்குள் கனரக வண்டிகளுக்குத் தடை. இரவில் விட்டாலும் ரவுண்டானாவும் நடைமேம்பாலமும் திரும்ப விடாது. எனவே வடக்கே போய், திருவொற்றியூர், மணலி, மாதவரம் என்று சுற்றி, புழல் பக்கத்தில் பைபாஸைப் பிடித்து, மதுரவாயல் வழியாகப் பெருங்களத்தூரில் வந்து இறங்க வேண்டும். பைபாஸ் மட்டும் 32 கிலோமீட்டர். மொத்தம் ஐம்பதைத் தாண்டும். தெற்கே போகிறவன் முதலில் வடக்கே போகிறான். எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களில் இறக்கினால் மீஞ்சூரிலிருந்து வண்டலூர் வரை வெளிவட்டச் சாலை இருக்கிறது. 62 கிலோமீட்டர். வண்டலூரிலிருந்து நெமிலிச்சேரி வரை 2014-லும், அங்கிருந்து மீஞ்சூர் வரை 2021-லும் திறந்தார்கள். பெரிய பாரத்துக்கு அது ஓரளவு நிம்மதியான ரோடு. நல்லதை நல்லது என்று சொல்லிவிட வேண்டும்.

ஆனால் பழைய துறைமுகத்தின் கதை வேறு. துறைமுகத்திலிருந்து மதுரவாயலுக்கு உயரத்தில் ஒரு ரோடு போட்டால் லாரிகள் நகரத்தைத் தொடாமலே வெளியேறலாம் என்று 2009 ஜனவரியில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். தூண்கள் எழும்பின. 2012-ல் கூவம் ஆற்றை அடைக்கிறது என்று அன்றைய மாநில சர்க்கார் வேலையை நிறுத்தியது. அரைகுறைத் தூண்கள் கூவம் கரையில் பத்து வருஷம் மொட்டையாக நின்றன. 2022 மே மாதத்தில் இரண்டடுக்கு ரோடாக மாற்றி, 20 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட அதே திட்டத்துக்குப் பிரதமர் மோடி மறுபடி அடிக்கல் நாட்டினார். ஒரு ரோட்டுக்கு இரண்டு பிரதமர்கள் கல் வைத்துவிட்டார்கள். இடைப்பட்ட பதிமூன்று வருஷத்தில் துறைமுக வாசலில் வரிசை கட்டி நின்ற லாரிகளின் படம் பத்திரிகைகளில் எத்தனை முறை வந்தது! காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் கிலோமீட்டர் கணக்கில் வண்டிகள். குடிநீருக்கும் கக்கூஸுக்கும் வழியில்லாமல் வண்டிக்கு அடியிலேயே படுத்து, அங்கேயே ஸ்டவ் பற்ற வைத்துச் சோறு பொங்கிய டிரைவர்கள். அந்தப் பகுதிக் குடியிருப்பு ஜனங்கள் லாரிக்காரனை ஏசினார்கள். அவர்கள் மீது கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும் தாய்க்குத் தெரு அடைபட்டால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் அந்த டிரைவர் ஆசைப்பட்டா அங்கே நின்றான்?

இங்கேதான் நான் உங்கள் கவனத்தை ஒரு வரிக்குத் திருப்ப விரும்புகிறேன். 1961-ல் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. போராடிப் பெற்ற சட்டம். நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி, ஐந்து மணி நேரத்துக்கு ஒரு முறை அரை மணி ஓய்வு என்றெல்லாம் அதில் எழுதினார்கள். வேலை நேரம் என்றால் எது என்று விளக்கும் இடத்தில் மூன்று விஷயம் சொன்னார்கள்: வண்டி ஓடும்போது செய்யும் வேலை, அதைச் சார்ந்த உபரி வேலை, மூன்றாவது, முனையத்தில் வெறுமனே காத்திருக்கும் நேரம், 15 நிமிஷத்துக்குக் குறைவாக இருந்தால்! அதாவது பத்து நிமிஷம் காத்திருந்தால் அது வேலை நேரம். பத்து மணி நேரம் காத்திருந்தால் அது என்ன? பஸ் டிரைவர் டெர்மினஸில் டீ குடிக்கும் நேரத்தை மனதில் வைத்து எழுதிய வரி அது. துறைமுக வாசலில் ஸ்டீரிங்கை விட்டு நகர முடியாமல், வரிசை இரண்டடி அசைந்தால் தானும் இரண்டடி அசைய வேண்டியவனாக, கண்ணைக்கூட மூட முடியாமல் இரண்டு இரவு கிடக்கும் ட்ரெய்லர் டிரைவரை அந்த வரி பார்க்கவே இல்லை.

இன்று அந்த 1961 சட்டமும் தனியாக இல்லை. 2020-ல் நிறைவேற்றி, 2025 நவம்பர் 21 முதல் அமலாக்கிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் அதைக் கரைத்துவிட்டார்கள். தொகுப்புச் சட்டத்தில் பெரும்பகுதி விஷயம் விதிகளுக்கு விடப்பட்டிருக்கிறது. விதி எழுதும்போது காத்திருப்பு நேரம் வேலை நேரம் என்று எழுத வைப்பதா, பழைய பதினைந்து நிமிஷத்தையே மறுபடி ஒட்ட வைப்பதா என்பது நம் குரலைப் பொறுத்தது. நமக்குக் கூலி பெரும்பாலும் டிரிப் கணக்கு. டிரிப் என்றால் வண்டி உருண்டால் காசு, நின்றால் இல்லை. கப்பல் தாமதித்தால் கப்பல்காரனுக்குத் தாமதக் கட்டணம் உண்டு. கன்டெய்னர் தங்கினால் அதற்கும் வாடகை உண்டு. இரும்புப் பெட்டி காத்திருந்தால் மணிக்கணக்குப் போட்டு வசூலிக்கிற உலகத்தில், மனிதன் காத்திருந்தால் மட்டும் அது இனாம்!

பாலத்தின் மீது

இப்போது வண்டியைக் கொஞ்சம் பார்ப்போம். புதிதாக வேலைக்கு வந்த இளைஞர்கள் சிலர் இருக்கிறார்கள், அவர்களுக்காக.

ஹைட்ராலிக் ஆக்ஸில் ட்ரெய்லர் என்பது அடுக்கிச் சேர்க்கும் வண்டி. ஒரு வரிசை ஆக்ஸிலுக்கு எட்டு டயர். எத்தனை வரிசை வேண்டுமோ அத்தனையையும் முன்னும் பின்னும் கோத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வரிசையும் தனித்தனியாகத் திரும்பும். எண்ணெய் அழுத்தத்தால் தளத்தை உயர்த்தலாம், தாழ்த்தலாம். பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கினாலும் பாரம் மற்றச் சக்கரங்களுக்குப் பகிர்ந்துபோகும். கூட்டாக நடக்கும் நூறு கால் பூச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரிசைக்கு 18 டன் என்று விதி. அதில் ட்ரெய்லரின் சொந்த எடை ஏறக்குறைய நான்கு டன் போனால் பாரத்துக்கு மிஞ்சுவது பதினான்கு. 200 டன் பாரம் ஒன்றை ஏற்ற வேண்டுமானால் பதினைந்து வரிசை, 120 டயர். கணக்கு இவ்வளவுதான். வரிசையைக் குறைத்து, வாடகையை மிச்சம் பிடிக்கிற முதலாளி திருடுவது பாலத்தின் ஆயுளிலிருந்து, உங்கள் ஆயுளிலிருந்தும்தான்.

பாலங்களைக் கட்டுவதற்கு இந்திய ரோடு காங்கிரஸ் என்ற சபை கணக்கு வகுத்திருக்கிறது. காங்கிரஸ் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம், இது 1934-ல் தொடங்கிய எஞ்சினீயர்கள் சபை! நம் நெடுஞ்சாலைப் பாலங்கள் பெரும்பாலும் 100 டன் சக்கர வண்டி ஒன்று ஏறினால் தாங்கும் கணக்கில் கட்டப்பட்டவை. பின்னால் 385 டன் விசேஷ வண்டி என்ற கணக்கையும் சேர்த்தார்கள். இருபது ஆக்ஸிலுக்குப் பதினெட்டு டன் வீதம் 360, இழுவை வண்டி 25. ஆனால் அது புதிய பாலங்களுக்கு. பழைய பாலம் பழைய பாலம்தானே? எனவேதான் ட்ரெய்லரும் பாரமும் சேர்ந்து 169 டன்னைத் தாண்டினால் தேசிய நெடுஞ்சாலைப் பாலங்களைக் கடக்க டெல்லி அமைச்சகத்தின் அனுமதி தேவை என்று வைத்திருக்கிறார்கள்.

அனுமதித் தாளில் பாலத்தைப் பற்றிச் சில நிபந்தனைகள் இருக்கும். மணிக்கு 5 கிலோமீட்டருக்கு மேல் போகாதே. நடுக்கோட்டில் போ. அந்த நேரத்தில் பாலத்தின் மீது வேறு வண்டி இருக்கக்கூடாது. பிரேக் போடாதே, நிற்காதே. இவை அதிகாரியின் வீம்புக்கு எழுதியவை அல்ல. ஓரமாகப் போனால் ஒரு பக்கத்து உத்தரமே முழுப் பாரத்தையும் சுமக்கும். வேகமாகப் போனால் குதிக்கும் பாரம் நிற்கும் பாரத்தைவிடக் கனம். திடீரென்று பிரேக் போட்டால் அந்த உந்தல் தூணின் தலைக்குப் போகும். ஆகவே இந்த நிபந்தனைகளை நாம் உயிராகக் காக்க வேண்டும். ஆனால் யோசியுங்கள்: ஒரு கிலோமீட்டர் நீளப் பாலத்தை மணிக்கு 5 கிலோமீட்டரில் கடக்கப் பன்னிரண்டு நிமிஷம். பன்னிரண்டு நிமிஷம் ஜி.எஸ்.டி. ரோட்டை யார் நிறுத்தித் தருவது? போலீஸ் துணை வராமல் போனால், பின்னால் ஆம்னி பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு முட்டும். முன்னால் பைக்குகள் புகும். "பாலத்தில் வேறு வண்டி இருக்கக்கூடாது" என்ற நிபந்தனையை மீறியது யார் என்று பின்னால் கேட்டால், டிரைவர் என்பார்கள்!

போலீஸ் துணை என்றேன். 2022 ஜனவரி முதல் நம்ம பகுதிக்குத் தாம்பரம் போலீஸ் கமிஷனரகம், அந்தப் பக்கம் ஆவடி கமிஷனரகம், துறைமுகத்தில் சென்னைக் கமிஷனரகம். பைபாஸைச் சுற்றி வரும் ஒரே பாரம் ஒரே இரவில் மூன்று கமிஷனர்களின் எல்லையைத் தாண்டுகிறது. ஒரு எல்லையில் விட்டால் அடுத்த எல்லையில் விடிந்துவிடுகிறது. விடிந்தால் ரோட்டோரம் ஒதுங்கி, மறுநாள் இரவு வரை வெயிலில் கிடக்க வேண்டியதுதான். பொங்கல், தீபாவளி என்றால் கேட்கவே வேண்டாம். ஊருக்குப் போகும் கூட்டத்துக்காகக் கனரக வண்டிகளைப் பெருங்களத்தூர்ப் பக்கமே வரவிடாமல் திருப்பி விடுகிறார்கள். ஜனங்கள் ஊருக்குப் போக வேண்டும், அதில் நமக்கு மறுப்பில்லை. நம்ம தோழர் ஊருக்குப் போவது எப்போது என்றுதான் கேட்கிறேன்.

பாலங்களின் கதியையும் பாருங்கள். செங்கல்பட்டைத் தாண்டிய பாலாற்றுப் பாலத்தை 2022-ல் பழுது பார்க்க மூடி, வண்டிகளைச் சுற்றி விட்டார்கள். அதே பாதையில் பரனூர் சுங்கச்சாவடியில், 1954-ல் கட்டிய ஒரு பாலத்துக்கும் சேர்த்து விதிக்கு மாறாகச் சுங்கம் வசூலித்ததை மத்திய கணக்குத் தணிக்கையர் 2023-ல் எடுத்துக் காட்டினார். பணக்கார நாட்டிலும் இந்த வியாதி உண்டு. ஜெர்மனியில் ஏ-45 நெடுஞ்சாலையில் ராமெடெ பள்ளத்தாக்குப் பாலத்தை 2021 டிசம்பரில் திடீரென்று மூடினார்கள். 2023 மே மாதத்தில் வெடி வைத்தே தகர்த்தார்கள். அந்த வட்டாரத்து யந்திரத் தொழிற்சாலைகள் தங்கள் சரக்கை வெளியேற்ற வழியில்லாமல் திண்டாடின. ஆனால் அங்கே பெரும் பாரம் இரவில் போகும்போது, எச்சரிக்கைப் பலகை பொருத்திய துணை வண்டி இன்ன அளவுக்கு மேல் கட்டாயம் என்று வைத்திருக்கிறார்கள். நம்மிடம் துணை வண்டி என்றால் பழைய ஜீப்பில் சிவப்புத் துணி கட்டிய ஒரு பையன்.

சிலைக்கு விட்ட வழி

தமிழ்நாட்டு ஜனங்கள் எல்லோரும் பார்த்த பெரும் பாரம் ஒன்று உண்டு. வந்தவாசிப் பக்கத்துக் கொரக்கோட்டையில் வெட்டிய கோதண்டராமர் சிலைக்கல் 240 டயர் வண்டியில் 2018 இறுதியில் புறப்பட்டு, 2019 ஜூனில் பெங்களூருக்குப் போய்ச் சேர்ந்தது. எட்டால் வகுத்துப் பாருங்கள், முப்பது வரிசை ஆக்ஸில்! வழியில் கடைகளையும் வீடுகளின் முன்பகுதிகளையும் இடித்தார்கள். பாலம் தாங்காத இடத்தில் ஆற்றுக்குள்ளேயே தற்காலிக ரோடு போட்டார்கள். கும்பிட்ட ஜனங்களின் நம்பிக்கையைப் பற்றி நான் எதுவும் சொல்ல வரவில்லை. அந்த ஆறு மாதமும் வெயிலிலும் மழையிலும் அந்தச் சக்கரங்களோடு நடந்தவர்களைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதியது எத்தனை வரி? டயர் வெடித்தது என்று எழுதினார்கள். மாற்றியவன் கை என்ன ஆயிற்று என்று எழுதவில்லை.

ரோடு முடியாது என்று ஒப்புக்கொண்ட இடமும் பக்கத்திலேயே இருக்கிறது. கல்பாக்கம் அதிவேக ஈனுலையின் பிரதான கலம் பதின்மூன்று மீட்டரை ஒட்டிய விட்டம். அதை எந்த ரோட்டிலும் கொண்டுவர முடியாது என்று உலை வளாகத்திலேயே பட்டறை கட்டி, அங்கேயே செய்து, 2009-ல் உள்ளே இறக்கினார்கள். கடல் வழி சுலபம் என்பவர்களுக்கு கூடங்குளம் பதில் சொல்லும். 2023 செப்டம்பரில் தூத்துக்குடியிலிருந்து இரண்டு நீராவி ஜெனரேட்டர்களை ஏற்றிப் போன மிதவை, ஒவ்வொன்றும் சுமார் 300 டன், இழுவைக் கயிறு அறுந்து பாறையில் தட்டி நின்றது. மீட்கப் பல நாள் பிடித்தது. ஆக எந்த வழியும் இலேசில்லை. எல்லா வழியிலும் கயிறு பிடிப்பவன் ஒருவன் இருக்கிறான்.

கம்பி தூக்குகிறவன்

பாரத்தின் உச்சியில் உட்கார்ந்து வருகிற கிளீனரைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். இதுதான் என் மனதை அதிகம் உறுத்துவது.

மின்சார விதிப்படி தெருவைக் குறுக்கே கடக்கும் சாதாரண மின்கம்பி தரையிலிருந்து 5.8 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். 11,000 வோல்ட் கம்பி என்றால் 6.1 மீட்டர். இது காகிதத்தில். ரோட்டை உயர்த்தி உயர்த்திப் போட்டதில், முடிச்சூர் ரோட்டிலும் வேளச்சேரி ரோட்டிலும் அதன் கிளைத் தெருக்களிலும் கம்பிகள் தாழ்ந்து தொங்குவதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். கம்பி உயரவில்லை, ரோடு உயர்ந்துவிட்டது! அதற்குக் கீழே கேபிள் டி.வி. ஒயர், இன்டர்நெட் ஒயர் என்று கொடி கொடியாக. ஐந்தரை மீட்டர் பாரம் வருகிறது. ஒரு பையன் மேலே ஏறுகிறான். கையில் மூங்கில் கம்பு, காலில் ரப்பர் செருப்பு. கம்பியைத் தூக்கிப் பிடித்து, வண்டி நகர நகரத் தானும் தலைக்கு மேல் அதை நகர்த்தி, பின்னால் விடுகிறான். மூங்கில் காய்ந்திருக்கிறதா, பனியில் நனைந்திருக்கிறதா என்று யார் பார்த்தது? இன்டர்நெட் ஒயர் என்று நினைத்துத் தூக்கியது மின்கம்பியாக இருந்தால்? உயர் அழுத்தக் கம்பியைத் தொடவே வேண்டாம், நெருங்கினாலே பொறி தாவும்.

மின்வாரியத்துக்கு முன்கூட்டி எழுதி, பணம் கட்டினால், குறிப்பிட்ட நேரத்தில் லைனை நிறுத்தி, அவர்களுடைய ஆட்களே கம்பியைத் தூக்கிவிடுவார்கள். அதுதான் முறை. அதற்குச் செலவாகும், நாளாகும். கம்புக்கு ஐம்பது ரூபாய். பையனுக்கு ஒரு நாள் பேட்டா. முதலாளியின் கணக்கில் இது மலிவு. அந்தப் பையனின் பெயர் பெரும்பாலும் எந்த மஸ்டர் ரோலிலும் இருப்பதில்லை. விழுந்தால் அவன் வேலை செய்தான் என்பதையே நிரூபிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன், அனுபவமுள்ள டிரைவர் தோழர்களே: லைன் நிறுத்திய சீட்டு கைக்கு வராமல் எந்தப் பையனையும் பாரத்தின் மேல் ஏற விடாதீர்கள். "அண்ணே, நான் பார்த்துக்கிறேன்" என்பான். பத்தொன்பது வயதில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். நீங்கள் இறக்கிவிட வேண்டும்.

விபத்து என்றால் டிரைவர் மீதுதான் பாயும் சட்டம் என்பதற்குப் பழங்கதை வேண்டாம். புதிய குற்றவியல் சட்டத்தின் 106-வது பிரிவில் இரண்டாவது உட்பிரிவு, விபத்துக்குப் பின் தகவல் சொல்லாமல் போனால் பத்து வருஷம் வரை சிறை என்றது. 2024 ஜனவரியில் நாடு முழுவதும் லாரி டிரைவர்கள் ஸ்டீரிங்கை விட்டு இறங்கினார்கள். பெட்ரோல் பங்குகளில் கூட்டம் நெரிந்தது. இரண்டே நாளில் சர்க்கார் பேச்சு வார்த்தைக்கு வந்தது. 2024 ஜூலை 1-ல் புதிய சட்டம் அமலுக்கு வந்தபோது அந்த ஒரு உட்பிரிவை மட்டும் அமலாக்காமல் விட்டார்கள். சிதறிக் கிடக்கிறவர்கள், ஒருவர் முகம் ஒருவர் அறியாதவர்கள், ஆளுக்கொரு ரோட்டில் ஓடுகிறவர்கள் என்று சொல்லப்பட்ட டிரைவர்கள் செய்த காரியம் இது.

நாம் கேட்க வேண்டியது என்ன? துறைமுகத்துக்குள் டோக்கன் வாங்கிய நிமிஷத்திலிருந்து வேலை நேரம் ஓட வேண்டும். வரிசையில் நின்றாலும் கூலி. மூன்று கமிஷனரகத்துக்கும் ஒரே அனுமதி, ஒரே இரவு அட்டவணை, அதில் கையெழுத்துப் போட்ட ஒரு அதிகாரியின் பெயரும் போன் நம்பரும். பைபாஸிலும் வெளிவட்டச் சாலையிலும் பெரிய ட்ரெய்லர் ஒதுங்கி நிற்க இடம். அங்கே தண்ணீர், கக்கூஸ், நிழல். லைன் நிறுத்தும் கட்டணத்தை அனுமதிக் கட்டணத்தோடேயே வசூலித்துவிட வேண்டும், அப்போது அதை மிச்சம் பிடிக்க யாருக்கும் ஆசை வராது. அனுமதித் தாளில் வண்டி நம்பரோடு, கூட வரும் ஒவ்வொரு தொழிலாளியின் பெயரையும் எழுத வேண்டும். இந்தக் கடைசிக் கோரிக்கையைச் சிறியது என்று நினைக்காதீர்கள். பெயர் இருந்தால் மஸ்டர் ரோல் இருக்கும், மஸ்டர் ரோல் இருந்தால் இ.எஸ்.ஐ.யும் நஷ்டஈடும் கேட்க முடியும்.

இதற்கு இன்றைக்கே தொடங்கக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. உங்களில் பாதிப்பேர் அனுமதித் தாளை முழுக்கப் படித்ததே இல்லை. ஆங்கிலத்தில் இருக்கிறது, சூபர்வைசர் பையில் இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரும்போது கடைசியாகப் போன டிரிப்பின் தாளைப் போனில் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். கூடவே ஒரு சீட்டில் எழுதி வாருங்கள்: துறைமுகத்தில் எத்தனை மணிக்கு நுழைந்தீர்கள், எத்தனை மணிக்கு வெளியே வந்தீர்கள், எங்கெங்கே எத்தனை மணி நேரம் நின்றீர்கள், பேட்டா எவ்வளவு கிடைத்தது. நிபந்தனைகளை வரி வரியாகத் தமிழில் படித்து, எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பக்கத்திலேயே குறித்துக்கொள்வோம். முப்பது டிரிப்பின் சீட்டு சேர்ந்தால் அதை எடுத்துக்கொண்டு தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு நாமே நேரில் போவோம்.